பழைய மடிக்கணினியைக் கழிக்கும் முன் ஒரு பென்டிரைவ்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்துள்ளேன்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள், சங்க அலுவலகத்துக்குப் புதிய மடிக்கணினி வாங்குவது. அதற்கு முன்னால் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் கணினி படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அப்படியே ஓய்வு பெற்றவன். ஆகவே உங்களுக்குப் புரியாத எதையும் சொல்லிவிட மாட்டேன், எனக்கே புரியாது. ஒரு செலவு அவசியமா என்று பார்ப்பது மட்டும் பழகிப்போன வேலை. அந்தக் கண்ணோடுதான் இதைச் சொல்கிறேன்.

எதற்கு இப்போது இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த ஆதரவு முடிந்துவிட்டது. 2015 ஜூலையில் வந்தது. பத்து வருடம் ஓடி முடிந்துவிட்டது. நம் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்த்தேன். வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது விண்டோஸ் 10தான். சங்கக் கணினியும் அதுதான்.

"ஆதரவு முடிந்தால் என்ன, கணினி ஓடத்தானே செய்கிறது?" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ஓடும். நாளைக்கும் ஓடும். ஆனால் இதுவரை நடந்தது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும். பூட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அடைத்துக் கொடுக்கும் வேலை அது. இனிமேல் ஓட்டையைக் கண்டுபிடிப்பவன் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பான். அடைக்க ஆள் வராது.

அந்தப் பூட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது? உங்கள் ஓய்வூதியக் கணக்கு. வருமான வரிக் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பும் கணக்கு. சங்கக் கணினியில் உறுப்பினர் பதிவேடு, தொலைபேசி எண்கள், ஆதார் நகல்கள். அது நம் சொத்து அல்ல, பிறர் நம்பிக் கொடுத்தது. முப்பத்து நாலு வருடம் பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிறர் பொருளை வைத்திருப்பவனுக்குப் பூட்டைச் சரிபார்க்கும் கடமை கூடுதல்.

"சரி, விண்டோஸ் 11க்கு மாற்றிவிடலாமே?" மாற்றலாம், கணினி ஏற்றுக்கொண்டால். விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளில் ஒன்று, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி. இன்னொன்று, பிராசசர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 2018க்கு முன் வந்த பெரும்பாலான பிராசசர்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. என் மடிக்கணினி 2016இல் வாங்கியது. சங்கக் கணினி 2017இல் வாங்கியது. இரண்டுமே தேறவில்லை.

ஆக நம் முன்னால் மூன்று வழி. ஒன்று, புதிது வாங்குவது. இரண்டு, மைக்ரோசாஃப்ட் தரும் ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை தள்ளுவது. அது தவணை நீட்டிப்புதான், கடன் தீராது. மூன்று, கணினியை வைத்துக்கொண்டு அதன் இயங்குதளத்தை மாற்றுவது. மூன்றாவதைத்தான் என் கணினியில் ஒன்றரை மாதமாகச் செய்து பார்த்தேன். அந்த இயங்குதளத்தின் பெயர் லினக்ஸ்.

லினக்ஸ் யாருடையது?

1991 ஆகஸ்டில், ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதன் கருதான் லினக்ஸ். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு குனு என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் இன்று பார்ப்பது.

இதைத் தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்கிறார்கள். இலவசம் என்று சொல்லாமல் கட்டற்ற என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இலவசமாகக் கொடுப்பவன் நாளைக்கு நிறுத்திவிடலாம். இதை நிறுத்த முடியாது. நகல் எல்லோர் கையிலும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வழிப்போக்கன் யாரென்று கேட்க மாட்டார்கள், தங்கலாம். ஆனால் யாரோ கட்டினார்கள், யாரோ கூட்டிப் பெருக்குகிறார்கள், யாரோ எண்ணெய் ஊற்றி விளக்கு ஏற்றுகிறார்கள். லினக்சும் அப்படித்தான். சம்பளத்துக்கு எழுதுபவர்களும் உண்டு, சும்மா எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு.

இது ஏதோ ஏழைகளுக்கான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கரு லினக்ஸ்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் ஓடுவது லினக்சில்தான். என்னுடன் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1990களில் வங்கிக் கிளைகள் கணினிமயமானபோது, பல கிளைகளில் மூலையில் ஒரு சர்வர், அதிலிருந்து வயர் இழுத்து ஆளுக்கொரு டெர்மினல், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. காலையில் "டே பிகின்", மாலையில் "டே எண்ட்". அந்தச் சர்வர்களில் ஓடியது பெரும்பாலும் யூனிக்ஸ். அந்த யூனிக்ஸ் மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டதுதான் லினக்ஸ். அதாவது, நாம் பெயர் தெரியாமலே இந்தக் குடும்பத்தோடு பழகியவர்கள்.

கரு ஒன்றுதான் என்றாலும், அதைச் சுற்றித் திரை, எழுத்துச் செயலி, உலாவி எல்லாம் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் பலர். அப்படிக் கட்டிய பொதியை வழங்கல் என்கிறார்கள். 1993இல் தொடங்கிய டெபியன் தாத்தா என்றால், 2004இல் வந்த உபுண்டு அதன் பிள்ளை. உபுண்டுவிலிருந்து 2006இல் கிளைத்த லினக்ஸ் மின்ட் பேரப்பிள்ளை. நான் போட்டுப் பார்த்தது இந்தப் பேரப்பிள்ளையைத்தான்.

நம் மாநிலத்தில் இது புதிதல்ல

தமிழ்நாட்டில் இந்த விஷயம் எத்தனையோ முறை வாசல்வரை வந்து போயிருக்கிறது. 2006-07 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. 2007இல் சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து "பாஸ்" என்ற இந்திய லினக்சை வெளியிட்டது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. இப்போது நமக்கு வந்திருக்கும் அதே நிலைமை அப்போது அரசு அலுவலகங்களுக்கு வந்தது. பாஸ் லினக்சைப் போடும்படி தமிழ்நாடு அரசு துறைகளுக்குச் சொன்னது.

2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தார்களே, அவற்றில் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்தே இருந்தது. என் மகள் வாங்கி வந்த கணினியிலும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டும் என்று இரண்டு வரி காட்டும். நம் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாவது வரியை அழுத்தினார்கள்? கேட்டுப் பார்த்தேன். "அது எதுக்கு மாமா, இடத்தை அடைக்குதுன்னு அழிச்சிட்டோம்" என்றார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கணினியைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க ஆள் இல்லை.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் 2000களிலேயே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை தகவல் தொழில்நுட்பத் தேர்வையே அதில் எழுதுகிறது. மென்பொருள் ஒன்றுதான், இங்கே ஒட்டவில்லை, அங்கே ஒட்டிக்கொண்டது. வித்தியாசம், பக்கத்தில் உட்கார்ந்த ஆள். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். கடைசியில் இதை வைத்துத்தான் ஒரு யோசனை சொல்லப்போகிறேன்.

நான் செய்து பார்த்தது

லினக்ஸ் மின்ட் 22.2 என்ற வெளியீடு 2025 செப்டம்பர் மாதம் வந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பெண் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இதன் பெயர் ஸாரா. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு இடம் கேட்கிறது. வசதியாக ஓட 4 ஜிபி ரேம், 100 ஜிபி இடம் என்கிறார்கள். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று தோற்றங்களில் கிடைக்கிறது. மூன்றாவதுதான் பழைய கணினிக்கு இலகுவானது. என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம், சுழலும் பழைய வட்டு. அதனால் அதையே எடுத்தேன்.

இதில் அருமையான விஷயம் ஒன்று உண்டு. கணினியில் எதையும் மாற்றாமலே போட்டுப் பார்க்கலாம். ஜவுளிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதுபோல. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மின்டின் சொந்தத் தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்க வேண்டும். 3 ஜிபி அளவு வரும். ஒருநாள் இரவு விட்டு வைத்தேன். வேறு தளங்களில் கிடைப்பதை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, இறங்கிய கோப்பு சரியானதுதானா என்று சரிபார்க்க வேண்டும். வங்கியில் அந்தக் காலத்தில் தந்தி மூலம் பணம் அனுப்பினால், தொகையையும் தேதியையும் வைத்து ஒரு செக் சிக்னல் எண் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்புவோம். பெறும் கிளையும் தனியாகக் கணக்கிட்டு, எண் ஒத்துப்போனால்தான் பணம் கொடுக்கும். அதே வேலைதான் இங்கேயும். தளத்தில் ஒரு நீளமான எண்ணெழுத்துக் கோவை கொடுத்திருப்பார்கள். நம் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் நம் கோப்புக்கும் ஒரு கோவை வரும். இரண்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

மூன்றாவது, சங்கரன்கோவிலில் வாங்கிய ஒரு சாதாரண 16 ஜிபி பென்டிரைவில் அந்தக் கோப்பை எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்தால் போதாது. எட்சர், ரூஃபஸ் என்று அதற்கென்றே இலவசச் செயலிகள் உண்டு. பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பேரன் பிறந்தநாள் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போதே எஃப்12, எஸ்கேப் போன்ற ஒரு விசையைத் தட்ட வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். பென்டிரைவிலிருந்து தொடங்கு என்று தேர்ந்தெடுத்தால், சில நிமிடத்தில் முழுத் திரையும் வந்துவிடுகிறது. இது கணினியின் வட்டைத் தொடுவதில்லை. பென்டிரைவிலும் ரேமிலும் ஓடுகிறது. பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டுப் பென்டிரைவை உருவினால் பழைய விண்டோஸ் பழையபடி வரும்.

இந்த நிலையிலேயே இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா? திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா? மூடி வைத்துத் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? பிரிண்டர் தெரிகிறதா? என் கணினியில் எல்லாம் தேறின. எதிர்வீட்டு அண்ணாச்சி கணினியில் வைஃபை பிடிக்கவில்லை. போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போன் வழியாக இணையம் கொடுத்து, மின்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தோம். அது தானே தேவையானதைக் காட்டியது. ஆனால் அண்ணாச்சியின் பழைய பிரிண்டரில் அச்சு வருகிறது, ஸ்கேனர் மட்டும் இன்னும் வரவில்லை. அவருக்கு ஸ்கேன் அவசியம். ஆகவே அவர் இப்போதைக்கு ஓராண்டு நீட்டிப்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது, நிறுவுவது. அதற்கு முன்னால் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்தேன். உங்கள் விண்டோசில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது விண்டோசுக்குப் பக்கத்திலேயே வைக்கவா, முழு வட்டையும் அழித்துவிட்டு வைக்கவா என்று கேட்கும். இரண்டாவது பதிலைக் கொடுத்தால் திரும்ப வழியில்லை. நான் பக்கத்திலேயே வைத்தேன். முழு வேலைக்கும் அரை மணி நேரம் ஆனது.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். விண்டோஸ் 10 திறந்து வேலைக்குத் தயாராக நாலு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த அதே கணினி, இதில் ஒன்றரை நிமிடத்தில் தயாராகிறது. கணினி கிழடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சுமைதான் கூடுதலாக இருந்திருக்கிறது.

எது நடக்கிறது, எது நடக்கவில்லை

புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் அது விற்பனைப் பேச்சாகிவிடும். வரவும் பற்றும் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

வரவுப் பக்கம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி கூடவே வருகிறது. நெட் பேங்கிங், வருமான வரித் தளம், மின்கட்டணம், ரயில் முன்பதிவு, வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதில் நடக்கின்றன. லிபரே ஆஃபிஸ் கூடவே வருகிறது. சங்கச் சந்தாப் பதிவேட்டின் எக்செல் கோப்பைத் திறந்து, கூட்டுத்தொகை சரிபார்த்தேன். ஒரு பைசா வித்தியாசமில்லை. திருத்தங்கள் வந்தால் கீழே ஒரு சிறு கேடயம் தெரியும். நாம் சொன்னபோது போட்டுக்கொள்ளும், வேலை நடுவில் தானாக நிறுத்தித் திறக்காது. டைம்ஷிஃப்ட் என்ற செயலி, கணினி அமைப்பின் நிலையை அவ்வப்போது படமெடுத்து வைத்துக்கொள்கிறது. ஏதாவது திருத்தம் ஒத்துவரவில்லையென்றால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அது காப்பு அல்ல. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

தமிழ் நன்றாக வருகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐபஸ் வழியாகச் சேர்த்தால், "அம்மா" என்று அடிக்கும்போது புள்ளி தானாகவே விழுகிறது. இந்த உரையை அதில்தான் தட்டச்சு செய்தேன்.

பிள்ளைகளுக்கும் வரவுதான். மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோசோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் பைதான். பைதான் மின்டில் ஏற்கெனவே இருக்கிறது. பாடத்தைப் படத்தில் பார்ப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இனிப் பற்றுப் பக்கம். டேலி விண்டோசில் மட்டுமே ஓடும். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் மாற வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் தொடுங்கள். ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழுக்கான கைரேகைச் செயலி விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்குத்தான். ஆனால் 2021 நவம்பரிலிருந்து போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுக்கும் முறை வந்துவிட்டதால், அதற்குக் கணினியே தேவையில்லை. சங்கத்தின் பழைய கடிதங்கள் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் படிக்கலாம். ஆனால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கு மின்ட் 22 கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலும் அவற்றுக்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். அவற்றுக்கு உண்மையிலேயே ஓய்வு கொடுத்துவிடலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லினக்ஸ் போட்டுவிட்டால் மோசடியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. கணினிக்குள் நுழைகிற திருடனுக்கு அது தடை. போனில் பேசி உங்களிடமே ஓடிபியைக் கேட்டு வாங்குகிறவனுக்கு எந்த இயங்குதளமும் தடையில்லை. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

சங்கத்துக்கு என் யோசனை

வருமான வரிச் சட்டத்தில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். அந்தக் கணக்குப்படி 2017இல் வாங்கிய சங்கக் கணினியின் ஏட்டு மதிப்பு இன்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் ஏட்டில் மதிப்பில்லாத பொருளெல்லாம் உதவாத பொருள் ஆகிவிடாது. என் பாட்டி வைத்திருந்த அருவாமனைக்கு எந்த ஏட்டிலும் மதிப்பில்லை. இன்றும் காய் நறுக்குகிறோம்.

ஆகவே ஐந்தாவது பொருளின் மீது என் வேண்டுகோள் இது. புதிய கணினி வாங்கும் தீர்மானத்தை மூன்று மாதம் ஒத்திவையுங்கள். சங்கக் கணினியில் டேலி இல்லை, டோக்கன் இல்லை. சந்தாப் பதிவேடும் கடிதங்களும் மின்னஞ்சலும்தான் வேலை. அதில் மின்ட் போட்டுப் பார்ப்போம். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில், எது ஓடியது, எது ஓடவில்லை என்று செயலாளர் அறிக்கை வைக்கட்டும். சரிப்படவில்லையென்றால் புதிது வாங்குவதற்கு நானே முன்மொழிகிறேன். சரிப்பட்டால், மிச்சத்தில் ஒரு பகுதியை வைத்து அதே கணினிக்கு எஸ்எஸ்டி வட்டு போடலாம். புதுக் கணினி விலையில் சிறு பங்குதான், வேகம் இன்னும் கூடும். ஒரு சிறு தொகையை மின்ட் திட்டத்துக்கு நன்கொடையாகவும் அனுப்பலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் மாதாமாதம் பட்டியல் வெளியிடுகிறார்கள். கணக்குக் காட்டுபவர்களுக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

இரண்டாவது வேண்டுகோள் உறுப்பினர்களுக்கு. ஞாயிறுதோறும் மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை சங்க அலுவலகத்தில் பென்டிரைவோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் மடிக்கணினியையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். என்னென்ன வேலைக்குக் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள்தான் முக்கியம். போட்டுப் பார்ப்போம். உங்கள் வேலை எல்லாம் நடந்தால் மட்டும் அடுத்த வாரம் நிறுவலாம். நடக்கவில்லையென்றால் பழையபடியே எடுத்துப் போகலாம். யாரையும் வற்புறுத்தப் போவதில்லை.

மூன்றாவது வேண்டுகோள் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். இரண்டு மூன்று பேர் வந்து ஒரு மாதம் என்னோடு உட்காருங்கள். அதன் பிறகு நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். அன்றைக்கு அரசு கணினியைக் கொடுத்தது, ஆளைக் கொடுக்கவில்லை. ஆளை நம் தெருவிலேயே நாம் உண்டாக்கிக்கொள்ள முடியும். அதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் டீ குடிக்கும்போது கேளுங்கள்.